கேம் திணறுகிறதா? பிராசசரை மாற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள்

பல்லடம் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரப் பையன்களுக்குக் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்து பல வருடங்கள் ஆகின்றன. போன் எடுத்தவுடன் வரும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, பிராசசர் பத்தலைங்ணா, எதுங்ணா வாங்கறது?"

நான் உடனே மாடல் பெயர் சொல்வதில்லை. தோட்டத்தில் தண்ணீர் குறைந்தால் போர் வற்றிவிட்டதா, மோட்டார் தேய்ந்ததா, குழாய் அடைத்ததா என்று பார்த்த பிறகுதான் புது மோட்டாருக்குக் கோயமுத்தூர் போவோம். கம்ப்யூட்டருக்கும் அதே பொறுமை வேண்டும். பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று வீட்டில் கேட்டு வாங்குகிற பணம் அது. கீழே உங்கள் அறிகுறி எது என்று தேடி, அங்கிருந்து படியுங்கள்.

எஃப்பிஎஸ் எப்போதும் குறைவாகவே இருக்கிறது

எஃப்பிஎஸ் என்பது ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை. முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. கேமின் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால், திணறுவது கிராபிக்ஸ் கார்டு. பிராசசரில் கை வைக்க வேண்டாம். ரெசல்யூஷனை இறக்கியும் எண் அசையவில்லை என்றால்தான் பிராசசர் அல்லது ரேம் மேல் சந்தேகப்படலாம். ரெசல்யூஷன் கூடக் கூட வேலை கார்டுக்குத்தான் கூடும். பிராசசருக்கு ஏறக்குறைய அதே வேலைதான். இந்தச் சோதனைக்கு அடிப்படையே அதுதான்.

டாஸ்க் மேனேஜரில் "பிராசசர் 35 சதவீதம்தான் ஓடுகிறது, அப்ப அது காரணமில்லை" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த 35, பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்கள் எல்லாவற்றின் சராசரி. வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு கோர் உச்சியில் நின்று மற்றவை சும்மா இருந்தால், கேமின் முக்கிய வேலை அந்த ஒரு கோரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பல கேம்கள் இப்படித்தான். அந்த நிலையில் கோர் எண்ணிக்கையைக் கூட்டி வாங்கினால் பயன் இல்லை. ஒரு கோரின் வேகம் கூடிய பிராசசர்தான் உதவும். மறுபக்கம், கிராபிக்ஸ் கார்டு 97, 99 சதவீதத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம், கார்டுதான்.

உடுமலையில் இருக்கும் சித்தப்பா பையன் ஐ5-12400எஃப்-ஐ எடுத்துவிட்டு ஐ7 போடப் பணம் சேர்த்து வைத்திருந்தான். சோதித்துப் பார்த்தால் கார்டு 99-ல் நின்றது. அதே பணத்தைக் கார்டில் போட்டான். அந்த ஆறு கோர் பிராசசர் இன்றும் அவனிடம்தான் ஓடுகிறது.

பிராசசர் மேல் பழி போடுவதற்கு முன் ரேமையும் பார்த்துவிடுங்கள். 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் பாதைகள் இரண்டில் ஒன்றுதான் திறந்திருக்கிறது. 8 ஜிபி குச்சி இரண்டாகப் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில், பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். அப்புறம் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ, அதாவது ரேமை அட்டையில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு, இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிடிஆர்5 6000 என்று அட்டையில் போட்டிருந்தாலும், அதை இயக்கும்வரை பெரும்பாலும் 4800-ல்தான் ஓடிக்கொண்டிருக்கும். இதை மட்டும் சரிசெய்து பிராசசர் செலவு மிச்சமான வீடுகள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கின்றன.

எஃப்பிஎஸ் எண் நன்றாக இருக்கிறது, ஆனால் நடுநடுவே தடுக்குகிறது

சராசரி 120 காட்டும், ஆனால் எதிராளி திரும்பும் அந்த நொடியில் படம் உறையும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 7 மில்லிசெகண்ட். அதற்குள் பிராசசர் வேலையை முடிக்காத ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தடுக்கல் தெரியும். சராசரியை விட்டுவிட்டு, மோசமான 1 சதவீதப் படங்களின் எஃப்பிஎஸ் எவ்வளவு என்று பாருங்கள்.

நான்கு கோர் உள்ள பழைய பிராசசர் என்றால் இதுதான் அதன் முதுமையின் அடையாளம். ஆறு கோருக்கு மாறினாலே பெரும்பாலும் தீரும். கேம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி-க்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

ஆறு கோர், எஸ்எஸ்டி, இரண்டு குச்சி ரேம் எல்லாம் இருந்தும் தடுக்கினால், கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலில் நம் முறை வரும்வரை காத்திருப்பதற்கும், தோட்டத்திலேயே பெரிய தொட்டி கட்டி நிரப்பி வைத்திருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நமக்குத் தெரியும். ரேம் அந்த வாய்க்கால். கேஷ் நம் தொட்டி. ஏஎம்டி-யின் ரைசன் 7 7700எக்ஸ் 5.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 7800எக்ஸ்3டி 5.0 வரைதான். கோர் எண்ணிக்கை இரண்டுக்கும் எட்டுதான். ஆனால் முன்னதில் எல்3 கேஷ் 32 எம்பி, பின்னதில் 96 எம்பி. பெயரில் எக்ஸ்3டி என்று இருந்தால் இப்படிக் கூடுதல் கேஷ் உண்டு என்று அர்த்தம். பெரும்பாலான கேம்களில் கிகாஹெர்ட்ஸ் குறைந்த பிராசசர்தான் முன்னே போகிறது. கேமுக்காக மட்டும் பிராசசர் வாங்குபவர் கிகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஏஎம்4 (ரைசனின் முந்தைய சாக்கெட்) போர்டு ஏற்கனவே வைத்திருப்பவருக்கு 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி எங்காவது நியாயமான விலைக்குக் கிடைத்தால் நல்ல வழி. போர்டு, ரேம் எதையும் மாற்ற வேண்டியதில்லை, பயாஸை மட்டும் புதுப்பித்தால் போதும்.

பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மந்தமாகிறது

இது சூடு. நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, கேம் ஆடும்போது பிராசசரின் வெப்பத்தையும் வேகத்தையும் ஒட்டுக்கா கவனியுங்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசைக்கு 95, அதில் எக்ஸ்3டி மாடல்களுக்கு மட்டும் 89. எல்லையைத் தொட்டதும் பிராசசர் தானாக வேகத்தை இறக்கிக்கொள்ளும். ரைசன் 7000-ல் எக்ஸ் என்று முடியும் மாடல்கள் முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை ஓட்டும்போது 95-ஐத் தொடுவது கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படி. சாதாரணமாகக் கேம் ஆடும்போதே எல்லையில் நின்று, வேகமும் சரிந்தால்தான் கோளாறு.

சோமனூர், மங்கலம், பல்லடம் பக்கம் வீட்டோடு தறி ஓடும் இடங்களில் முதல் குற்றவாளி பஞ்சு. வெறும் மண்தூசியாக இருந்தால் ஊதினால் போய்விடும். பஞ்சு அப்படியல்ல; கூலர் ஃபேனுக்கும் அதன் பின்னால் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் நன்றாகச் சுற்றும், காற்று மட்டும் உள்ளே போகாது. ஃபேனைக் கழற்றினால்தான் அந்தப் படலம் தெரியும். மச்சான் வீட்டு மெஷினில் அதைக் கையால் உரித்து எடுத்தேன். 98-ல் இருந்த வெப்பம் 76-க்கு வந்தது. ப்ளோயர் வைத்து ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது கண்டபடி சுற்றி பேரிங் கெடும். தறி இருக்கும் வீட்டில் மாதம் ஒரு முறை, மற்ற வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

புதிதாகச் சேர்த்த மெஷினிலேயே இப்படி என்றால், கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருக்கலாம். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நடக்கிறது.

அறையின் வெப்பமும் கணக்கில் சேரும். அறை 10 டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். கோயமுத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் துணை. ஈரோடு, கரூர் பக்கம் சித்திரையில் 40 டிகிரி என்பது புதிதல்ல. ஏசி இல்லாத அறைக்குப் பிராசசர் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது வாட்டைத்தான். ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை எடுக்கலாம் என்பது இன்டெல் குறித்திருக்கும் அளவு. அந்தச் சூடு முழுவதும் அதே அறைக்குள்தான் வந்து இறங்கும். அங்கே 65 வாட் ரகப் பிராசசரோ, எக்ஸ்3டி-யோதான் பொருத்தம். ஏற்கனவே பெரிய ரைசன் வாங்கிவிட்டவர் பயாஸில் வாட்டைக் குறைக்கும் ஈக்கோ மோடு வைத்துப் பாருங்கள். கேமில் இழப்பு மிகக் குறைவு, வெப்பம் கண்கூடாக இறங்கும்.

கேம் ஆரம்பித்ததும் மெஷின் பட்டென்று அணைகிறது

நீலத்திரை எதுவும் வராமல், விளக்கை அணைத்த மாதிரி போனால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். 600 விஏ யூபிஎஸ் என்றால் அது பொதுவாக 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். பிராசசரும் கார்டும் சேர்ந்து இழுக்கும் நேரத்தில் அது கீச்சென்று கத்திவிட்டுக் கைவிடும். ஒரு நாள் யூபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் செருகி அதே கேமை ஆடிப் பாருங்கள். அணையவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

தோட்டத்து வீடுகளில் இன்னொன்று. மும்முனை மின்சாரம் விட்டதும் சுற்றிலும் மோட்டார்கள் ஓடத் தொடங்கும், வோல்டேஜ் இறங்கும். விலை குறைந்த சில எஸ்எம்பிஎஸ்கள் (கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) 200 வோல்ட்டுக்குக் கீழே தாங்காது. 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பதிவு இருந்தால் அது காரணத்தைச் சொல்வதில்லை. மெஷின் முறையாக அணைக்கப்படவில்லை என்று மட்டும் சொல்கிறது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எர்த் சரியில்லை. ஓவர்கிளாக் (பிராசசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) எல்லாம் அப்புறம், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஓவர்கிளாக் செய்யலாம் என்று வாங்கினேன், பயாஸில் அந்த வசதியே இல்லை

இது எனக்கே நடந்தது. ஒரு கடையில் "கே மாடலுங்க, ஓவர்கிளாக் ஆகும்" என்று சொல்லி, அதோடு பி வரிசைப் போர்டைக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பயாஸில் தேடினால் பிராசசர் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையர் என்ற எண்ணை ஏற்ற இடமே இல்லை. கே-க்காகக் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் நான் நினைத்த காரியம் நடக்கவில்லை. அந்த வருத்தம்தான் இந்தப் பகுதியை எழுத வைத்தது.

இன்டெல்லில் இரண்டும் சேர வேண்டும்: பிராசசர் பெயரில் கே, போர்டு பெயரில் இசட். இசட்690, இசட்790, புதிய கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு இசட்890. பி660, பி760 போர்டுகளில் ரேம் வேகத்தை ஏற்றலாம், பிராசசர் மல்டிபிளையரை ஏற்ற முடியாது. பெயரில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். கேஎஃப் என்றால் இரண்டும். கே மாடல்களோடு பெட்டியில் கூலர் வராது, அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஏஎம்டி-யில் கதவு அகலம். பெரும்பாலான ரைசன்கள் திறந்தே வருகின்றன. பி550, பி650 போன்ற பி வரிசைப் போர்டே போதும். ஏ520, ஏ620 போர்டுகளில் முடியாது. எக்ஸ்3டி வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி பூட்டப்பட்டது. 7800எக்ஸ்3டி-யில் மல்டிபிளையர் பூட்டு இருந்தாலும், கோர்களின் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் வேலை செய்யும். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில்தான் கூடுதல் கேஷை கோர்களுக்கு அடியில் கொண்டுபோனார்கள். சூடு நேராக மேலே கூலருக்கு ஏற வழி கிடைத்தது, முழுப் பூட்டும் திறந்தது.

இதையும் மனதார யோசியுங்கள். 2011-ல் வந்த ஐ5-2500கே-யின் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், அதை 4.5-க்கு ஏற்றி ஓட்டுவது சாதாரணமாக நடந்தது. இன்றைய பிராசசர்கள் தொழிற்சாலையிலிருந்தே தங்கள் உச்சத்தின் விளிம்பில் வருகின்றன. கையால் ஏற்றினால் கிடைப்பது சில சதவீதம். எஃப்பிஎஸ் மட்டும்தான் வேண்டும் என்றால், கே-க்கும் இசட் போர்டுக்கும் பெரிய கூலருக்கும் கொடுக்கும் வித்தியாசத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. செய்து கற்றுக்கொள்வதில் ஆசை இருப்பவர் தாராளமாக வாங்கட்டும். அந்த ஆசை எனக்கும் உண்டு.

ஓவர்கிளாக் செய்த பிறகு கேம் மூடிக்கொள்கிறது, நீலத்திரை வருகிறது

முதலில் பயாஸை டிஃபால்ட்டுக்குக் கொண்டுபோய் அதே கேமை ஆடுங்கள். அப்போதும் விழுந்தால் காரணம் ஓவர்கிளாக் அல்ல. விழவில்லை என்றால் ரேமை மட்டும் எக்ஸ்எம்பி-யில் வைத்துப் பாருங்கள். நிறையப் பேர் பிராசசரைக் குறை சொல்லும்போது உண்மையில் தடுமாறுவது ரேம்தான். ஜிப் கோப்பு விரிக்கும்போது பிழை, பிரவுசரில் பக்கம் தானாக விழுவது, இவை ரேமின் அடையாளங்கள். மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுவதும் ஓடவிடுங்கள். அதில் ஒரு பிழை வந்தால்கூட அந்த வேகம் வேண்டாம்.

ரேம் சுத்தமாக இருந்தால் பிராசசருக்கு வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்று, அரை மணி நேரம் சினிபெஞ்ச் ஓட்டு, ஒரு நோட்டில் வேகம், வோல்டேஜ், வெப்பம் மூன்றையும் எழுது. நோட்டு இல்லாமல் செய்தவர்கள் எல்லாம் மூன்றாம் நாள் எங்கே தொடங்கினோம் என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முழுச் சுமை ஏறிய நொடியில் விழுகிறது என்றால் வோல்டேஜ் சரிவைக் கவனியுங்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குமே, அதே சங்கதி. பயாஸில் வைத்த வோல்டேஜ், சுமை ஏறியதும் கொஞ்சம் இறங்கும். லோடு லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பு அதைத் தாங்கிப் பிடிக்கும். நடுத்தர அளவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் சுமை இறங்கும்போது வோல்டேஜ் துள்ளி மேலே போகும், பிராசசருக்கு அது நல்லதல்ல.

இதற்கு நேர்மாறான அறிகுறி ஒன்று உண்டு. கேமில் ஒன்றும் ஆகாது. சும்மா டெஸ்க்டாப்பில் இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். ரைசனில் கர்வ் ஆப்டிமைசரை எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 என்று வைத்தவர்களுக்கு இது வரும். சுமை குறைவான நேரத்தில்தான் ஒற்றைக் கோர் மிக உயர்ந்த வேகத்துக்குத் தாவும், அங்கே குறைத்த வோல்டேஜ் பத்தாது. ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் 18 என்ற பதிவைத் திறந்தால் எந்தக் கோர் என்று கண்டுபிடிக்க ஏபிஐசி ஐடி என்ற எண் இருக்கும். ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் (வேலை வரிசை) என்பதால் 0, 1 முதல் கோர், 2, 3 அடுத்தது, இப்படிப் போகும். அந்தக் கோரை மட்டும் மைனஸ் 15-க்குக் கொண்டுவந்து பாருங்கள்.

மார்கழியில் நின்று ஓடிய ஓவர்கிளாக் சித்திரையில் விழும். பிராசசர் சூடாகச் சூடாக அதே வேகத்துக்கு அதிக வோல்டேஜ் கேட்கும். அதனால் கடைசிச் சோதனையைப் பகல் இரண்டு மணிக்கு, அறை ஃபேனைக் கூடப் போடாமல் செய்யுங்கள். அதில் நின்றால் வருடம் முழுக்க நிற்கும்.

ஏஎம்5 (ரைசன் 7000 முதல் வந்த சாக்கெட்) எக்ஸ்3டி வைத்திருப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. 2023-ல் சில பிராசசர்கள் கருகிய பிறகு எஸ்ஓசி வோல்டேஜுக்கு (பிராசசருக்குள் ரேமைக் கவனிக்கும் பகுதி போன்றவற்றுக்குப் போவது) ஏஎம்டி 1.3 வோல்ட் என்று எல்லை வைத்தது. அதற்கு முந்தைய பயாஸ் இருந்தால் இன்றே புதுப்பியுங்கள்.

"வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழை வருகிறது

கார்டில் மெமரி தாராளமாக இருக்கும்போதும், குறிப்பாக அன்ரியல் இன்ஜின் கேம்களில் ஷேடர் (படத்தை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும்போது இந்தப் பிழை வந்தால், பிராசசர் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறையா என்று பாருங்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் நாளடைவில் நிலைத்தன்மை குறைவதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு (பிராசசரின் உள்நிரல்) திருத்தங்கள் வந்தன. பயாஸைப் புதுப்பித்தால் இவை சேர்ந்துவிடும். ஆனால் ஏற்கனவே தேய்ந்த பிராசசரைத் திருத்தம் குணமாக்காது. பாதிக்கப்பட்ட மாடல்களில் பெட்டியோடு விற்றவற்றுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டி ஐந்தாக்கினார்கள். பில்லைத் தேடி எடுங்கள். 12-ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழைய மெஷின் வாங்குபவர் 13, 14-ஐ வாங்கும் முன் விற்பவரிடம் பயாஸ் எப்போது புதுப்பித்தார் என்று கேட்டுவிடுங்கள்.

புது பிராசசர் போட்டேன், திரையே வரவில்லை

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருந்து, பிராசசர் எஃப் மாடல் என்றால் படம் வராது. கார்டில் செருகுங்கள். பழைய போர்டில் புதிய பிராசசர் என்றால் பயாஸ் அதை அடையாளம் காணாமல் இருக்கலாம். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டில் பென்டிரைவ் மூலம் புதுப்பிக்கலாம். பிராசசருக்குத் தனியாக வரும் எட்டு பின் மின்கேபிள் மேல் மூலையில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏஎம்5 என்றால் இன்னொன்று. முதல் முறை போடும்போது போர்டு டிடிஆர்5 ரேமோடு பழகிக்கொள்ளும். திரை கருப்பாகவே பல நிமிடம் இருக்கும். போன மாதம் தாராபுரத்திலிருந்து ஒரு தம்பி பதறிப்போய் அழைத்தான். மூன்று முறை பவர் பட்டனை அமுக்கி அணைத்திருக்கிறான், ஒவ்வொரு முறையும் அந்தப் பழக்கம் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. "கை வைக்காத கண்ணு, போய் ஒரு டீ குடிச்சுட்டு வா" என்றேன். கால் மணி நேரம் கழித்து பயாஸ் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினான்.